தொலைவிலிருந்து நீளும் கை

வேலிக்கு வழக்காடுபவன் என்று யாழ்ப்பாணத்தான் பெயரெடுத்தவன். ஒரு கதியால் அரை முழம் நகர்ந்ததென்று அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படியேறி, வெங்காயத்தில் கண்ட வருவாயைச் சட்டத்தரணிமாருக்குக் கொட்டிக்கொடுத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. எல்லை விடயத்தில் இவ்வளவு விழிப்புள்ள நம் வீடுகளுக்குள்ளே இன்று ஒருவர் நினைத்த நேரம் வந்து போகிறார். படலையைத் தட்டுவதில்லை, பெயர் சொல்வதில்லை. வீட்டில் எத்தனை கருவிகள் விழித்திருக்கின்றன, கூரையில் எவ்வளவு மின்சாரம் விளைந்தது என்று கணக்கெடுக்கிறார். வேண்டுமாயின் ஒன்றை நிறுத்துகிறார், மற்றொன்றை மாற்றியமைக்கிறார். இவருக்கெதிராக ஒரு வழக்கும் இல்லை. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

இவ்வாறு வந்து போவதற்கு வழி செய்வது வலையமைப்பு முகாமைத்துவ மென்பொருள் என்பதாகும். பெயரைக் கேட்டவுடன், ‘இது பொறியியலாளர் சங்கதி, தமிழ் படிப்பிக்கும் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை?’ என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அதிகாரம் எங்கே இருக்கிறது, அது யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்ற வினா எந்த ஒரு தொழிலாரின் தனிச்சொத்துமன்று. அதைக் கேட்காத கல்வி கல்வியுமன்று. ஆகவே இம்மென்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் எளிய சொற்களில் பார்ப்போம்.

பல நூறு கருவிகள் ஒரு வலையமைப்பில் இணைந்திருக்கின்றன என்று கொள்க. ஒவ்வொரு கருவிக்குள்ளும் சிறு நிரல் ஒன்று குடியிருக்கும். அதை முகவர் என்பர். தொலைவில் ஒரு கணினியில் முகாமையாளர் நிரல் இருக்கும். வகுப்பாசிரியர் இடாப்புக் கூப்பிடுவதுபோல, சில நிமிடங்களுக்கொருமுறை முகாமையாளர் ஒவ்வொரு முகவரையும் கூப்பிடும். ‘விழித்திருக்கிறாயா? எவ்வளவு தரவு வந்தது? எவ்வளவு போனது? சூடு எவ்வளவு?’ முகவர் தன்னிடமுள்ள எண்ணிட்ட ஏட்டைப் பார்த்து விடை சொல்லும். பெரிய பழுது நேர்ந்தால் கூப்பிடும்வரை காத்திராமல் தானே அபயக்குரல் எழுப்பும். இவையெல்லாம் கண்காணிப்பு. இதற்கு அடுத்த படி ஒன்றுண்டு. ஏட்டிலுள்ள ஓர் எண்ணை முகாமையாளர் மாற்றி எழுதினால், கருவியின் நடத்தையும் மாறும். திறந்திருந்த வாயில் மூடும். ஓடிய கருவி நிற்கும். இது கட்டளை. பார்ப்பதும் ஆள்வதும் ஒரே கம்பியில், ஒரே மொழியில் நடைபெறுகின்றன என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி.

இதற்கென 1988இல் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய ஒழுங்கு, எளிய வலையமைப்பு முகாமைத்துவ நெறிமுறை என்பதாகும். அதன் முதற் பதிப்புகளில் ஒரு கடவுச்சொல் தெரிந்தவர் ஏட்டைப் பார்க்கலாம். மற்றொரு சொல் தெரிந்தவர் அதைத் திருத்தலாம். கருவிகளைச் செய்து விற்றோர் பலர் முன்கூட்டியே அவற்றில் இட்டு அனுப்பிய சொற்கள் எவை தெரியுமா? பார்ப்பதற்கு ‘பப்ளிக்’, திருத்துவதற்கு ‘பிரைவேட்’. அச்சொற்களும் மறைகுறியின்றித் திறந்த தபாலட்டைபோலக் கம்பியில் பயணம் செய்தன. மறைகுறியாக்கத்துடன் கூடிய மூன்றாம் பதிப்பு முழு நியமமாக ஏற்கப்பட்டது 2002இலேதான். பொறியியலாளர் எவ்வித உள்நோக்கமுமின்றி இட்ட சொற்களே அவை. ஆயினும் நம் காலத்தின் சமூக அமைப்பை இவ்விரு சொற்களிலும் கூர்மையாக யாரும் சொல்லிவிடவில்லை. நம் வாழ்வு பிறர் பார்வைக்குப் பொது. அதன்மேல் செல்லும் ஆணையோ தனியார்.

வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பு மாணவரிடம், ‘இதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டால், ‘என்னிடம்’ என்று பெருமையுடன் சொல்வர். அவர்கள் சொல்வது வைபை இணைப்பின் சொல்லை. கருவியின் அமைப்புகளைத் திருத்தும் பக்கத்திற்கு வேறு சொல் உண்டு. அதற்கும் மேலே, சேவை வழங்கும் கம்பனியின் கணினிக்கென்று தனி வழி ஒன்றுண்டு. 2004இல் இதற்கென டிஆர்-069 என்றொரு நெறிமுறை வெளியாயிற்று. அதன்படி வீட்டுக் கருவி தானே குறித்த காலத்துக்கொருமுறை கம்பனிக் கணினியை அழைத்துத் தன் நிலையைக் கூறும். அக்கணினி அமைப்புகளை மாற்றலாம், உள்ளிருக்கும் நிரலையே புதுப்பிக்கலாம், கருவியை அணைத்து மீண்டும் எழுப்பலாம்.

இதனால் நன்மை இல்லையா? உண்டு, மறுப்பது மூடத்தனம். காரைநகரில் ஓர் இணைப்புப் பழுதானால், ஊழியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்வரை காத்திராமல் கொழும்பிலிருந்தே திருத்திவிடலாம். ஆனால் நல்லவனுக்குத் திறந்த வாயில் கள்ளனுக்கும் திறக்கும். 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளரின் ரவுட்டர்கள் செயலிழந்தன. அவற்றைத் தாக்கியவர்கள் தட்டியது தொலைமுகாமைக்கென ஏற்பட்ட அந்த வாயிலையேதான். 2020 டிசம்பரில் வெளிவந்த செய்தி இதனினும் பெரிது. அமெரிக்க அரசாங்கத் திணைக்களங்களும் பெருங்கம்பனிகளும் தம் வலையமைப்பைக் காவல் செய்ய வாங்கிய சோலார்விண்ட்ஸ் மென்பொருளின் புதுப்பிப்புக்குள்ளேயே ஒற்றர்கள் நுழைந்திருந்தனர். அப்புதுப்பிப்பை ஏறத்தாழ 18,000 நிறுவனங்கள் இறக்கியிருந்தன. காவற்காரனின் திறப்புக்கோவை களவுபோனால் ஊர் முழுவதும் திறந்த வீடுதான்.

‘நாம் சிறிய மனிதர், நம் ரவுட்டரை நிறுத்தி யாருக்கு என்ன லாபம்?’ என்பார்க்கு ஒரு விடை. தொலைவிலிருக்கும் கை ஒரு சமூகத்தின் விளக்கை அணைத்தால் என்ன நேரும் என்பதை இக்குடாநாட்டுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் நம் மூத்தோர் ஆண்டுக்கணக்காகத் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே வாழ்ந்தனர். ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டனர். அவர்களின் உறுதியைப் போற்றுவோம்; அவர்கள் பட்ட பாட்டைப் பொற்காலமாக்க வேண்டாம். அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஏப்ரில் 3ஆந் திகதி, விலைவாசிக்கும் மின்வெட்டுக்கும் எதிராக மக்கள் தெருவில் இறங்க முனைந்தபோது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் நாடு முழுவதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. எந்த வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. எந்தக் கம்பியையும் வெட்டவில்லை. சேவை நிலையங்களில் சில விதிகளை மாற்றியதே போதுமாயிருந்தது. அன்று யாழ்ப்பாணத்து மாணவனும் மாத்தறைத் தொழிலாளியும் ஒரே நேரத்தில் ஊமையாக்கப்பட்டனர். எல்லை கடந்த இந்தச் சமத்துவத்தையாவது நாம் கவனிக்க வேண்டும். தொலைக்கட்டளை இனம் பார்த்து மாத்திரம் வருவதன்று. ஆள்வோருக்கு யார் இடைஞ்சலோ அவர்மேல் வரும்.

இனி நம் கூரைகளுக்கு வருவோம். நம் சட்டைப்பையைத் தொடும் விடயம் அங்கேதான் இருக்கிறது. 2016இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் ஏறின. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் ஓய்வூதியக்காரரும், ஆசிரியரும், சிறு கடைக்காரரும் வங்கிக் கடனெடுத்து அவற்றைப் பொருத்தினர். தகடு தரும் மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றதாக மாற்றுவது இன்வேர்ட்டர். இன்று விற்பனையாகும் பல இன்வேர்ட்டர்கள் வீட்டு இணையத்தினூடாகத் தம்மைச் செய்த கம்பனியின் கணினியுடன் பேசுகின்றன. அக்கணினியிடமிருந்து விளைச்சற் கணக்கு நமது கைத்தொலைபேசிக்கு வருகிறது. நம் கூரையில் விளைந்ததன் கணக்கு கடல் கடந்து போய்த்தான் நம் திண்ணைக்குத் திரும்புகிறது! போகும் வழி கணக்குக்கு மட்டுமானதன்று; உற்பத்தியைக் குறை, நிறுத்து என்ற கட்டளையும் அவ்வழியே வரக்கூடும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சீனக் கம்பனி செய்த இன்வேர்ட்டர்கள் பல திடீரென முடங்கின. அப்பிரதேசத்தில் பயன்படுத்த அனுமதியில்லை என்ற அறிவிப்பு அவற்றின் திரையில் தோன்றியது. விற்பனையாளர்களுக்கிடையேயிருந்த ஒப்பந்தத் தகராறே இதற்குக் காரணமென்று சொல்லப்பட்டது. பணங்கொடுத்து வாங்கியவனுக்கும் அத்தகராறுக்கும் என்ன தொடர்பு? அவன் வாங்கியது பெட்டியை. ஆணையை அவனுக்கு யாரும் விற்கவில்லை.

இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதென்று அமைச்சர் சொன்னார், நாடு சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் வந்த விளக்கம் கவனத்துக்குரியது. ஞாயிறு பகலில் தொழிற்சாலைகள் ஓய்ந்திருக்கும், தேவை குறைவு. வெயிலோ உச்சத்தில் இருக்கும். கூரை மின்சாரம் மிகுதி. நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் சுழலும் பாரிய சக்கரங்கள், திடீர் அதிர்ச்சியைத் தம் சுழற்சி வேகத்தால் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. ஆகவே சுழலும் இயந்திரங்கள் குறைந்த வேளையில் ஓரிடத்தில் தடை ஏற்பட்டால், 50 ஹேர்ட்ஸில் நிற்கவேண்டிய அதிர்வெண் விரைந்து சரியும். ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் விலகும். அதே ஆண்டு ஏப்ரில் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் பிற்பகல் 3 மணிவரை சூரியத் தொகுதிகளைத் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு கூரை உரிமையாளரை இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாக ஏற்றே பேசுகிறேன். இலட்சக்கணக்கான சிறு உற்பத்தியாளர் இணைந்த வலையமைப்பை எவரும் கட்டுப்படுத்தாமல் விட முடியாது. ஒருவன் தன் கூரையில் விளைந்த ஒவ்வோர் அலகையும் எந்நேரமும் தள்ளுவேன் என்றால், வைத்தியசாலையில் கிடக்கும் நோயாளியின் விளக்கு அணையக்கூடும். பொதுநலனுக்கான கட்டுப்பாடு வேண்டும். ஆனால் யார், எந்த ஒழுங்கில், எந்த விலைக்கு என்ற வினாக்களுக்கு அது விடையாகாது. முதலில் நிறுத்தப்படுவது பெருங்கம்பனியின் நிலமளாவிய தொகுதியா, ஓய்வூதிய ஆசிரியையின் கூரையா? நிறுத்திய நாளிலும் வங்கித் தவணை நிற்பதில்லையே, அந்த நட்டம் யார் கணக்கு? 2025இல் வந்தது வேண்டுகோள். வேண்டுகோளுக்கு மறுக்கும் உரிமை உண்டு. தொலைவிலிருந்து வரும் கட்டளைக்கு அது இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் செல்லும் பாதை ஒரு மென்பொருட் புதுப்பிப்பு அளவு நீளமே. அப்பாதையைக் கடக்கும் முன் சட்டம் எழுதப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம், மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிவகுத்தது என்பதையும் மறத்தலாகாது. ஒரு சபையிடம் கேட்ட கேள்வியைப் பல கம்பனிகளிடம் கேட்டால், ‘அது எங்கள் பகுதியன்று’ என்ற பதிலே பல வாய்களில் வரும்.

நம் தீவுகளின் கதை இதை மேலும் தெளிவாக்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரியம், மின்கலம், டீசல் கலந்த மின்தொகுதி அமைக்க 2021இல் ஒரு சீனக் கம்பனி தெரிவாயிற்று. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் இந்திய அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரியம் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட். இச்சிறிய அளவுக்காக இரு பேரரசுகள் முகஞ்சுளித்தன. அவை பேசியது பாதுகாப்பைப் பற்றி. யாருடைய பாதுகாப்பு? குறிகாட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கும் தீவு மகனின் பாதுகாப்பா? கட்டுப்பாட்டுத் திரை எங்கே இருக்கும், அதன் திறப்பு யார் கையில், அது எம்மொழியில் பேசும், கடல் கொந்தளித்து இணைப்பு அறுந்தால் தீவிலுள்ளவன் தன் கையால் இயக்க முடியுமா என்ற கேள்விகளே தீவு மக்களின் பாதுகாப்புக் கேள்விகள். இவை அற்பமானவை அல்ல. 2022 பெப்ரவரி 24ஆந் திகதி, ரஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழைந்த அதே காலையில், ஒரு செய்மதி இணையச் சேவையின் முகாமைத்துவ வலையமைப்புக்குள் புகுந்தோர் ஐரோப்பாவெங்கும் பல்லாயிரம் மோடங்களுக்கு அழிவுக் கட்டளை அனுப்பினர். அதன் விளைவாகப் போர்க்களத்துக்கு வெகு தூரத்திலிருந்த ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பு அற்றுப்போயிற்று. காற்றாலைகள் மட்டும் தம்பாட்டில் சுழன்றன. கையை இழந்தபோதும் தானே ஓடத்தக்கதாக அவை அமைக்கப்பட்டிருந்தன. நெடுந்தீவுக்கு வேண்டிய பாடமும் இதுவே.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். பாடசாலைகளுக்குக் கணினியும் கைக்கணினியும் திறன்பலகையும் நன்கொடையாக வரும்போது நாம் பொன்னாடை போர்த்தி வரவேற்கிறோம். அவற்றுள் குடியிருக்கும் முகவர் யாருக்கு விடை சொல்கிறார் என்று கேட்பதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோவர் மேரியன் பாடசாலை மாவட்டம் மாணவருக்கு மடிகணினி வழங்கியது. களவுபோனால் கண்டுபிடிக்கவென்று அவற்றில் தொலைக்கட்டளை மென்பொருள் இருந்தது. அம்மென்பொருள் மாணவரின் வீட்டு அறைகளுக்குள்ளிருந்தே படமெடுத்தது. தன் அறையில் எடுக்கப்பட்ட படத்தை அதிகாரி ஒருவர் காட்டியபோதே ஒரு மாணவனுக்கு உண்மை தெரிந்தது. 2010இல் வழக்கு நடந்தது. ஒளிப்படக்கருவியும் திரையும் சேர்ந்து பதிவுசெய்த படங்கள் 56,000க்கும் மேல் என்பது வெளிவந்தது. 6,10,000 டொலரில் வழக்கு இணக்கத்துக்கு வந்தது. செல்வம் மிக்க, சட்டம் வலுத்த நாட்டின் பாடசாலையில் நடந்தது இது. நம்மிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் ஏறியது; 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பகுதிகள் பிற்போடப்பட்டன. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் வலையமைப்பு ஓர் அலகு. நம் பிள்ளைகள் அதன் அடுக்குகளை வரிசை தவறாமல் ஒப்புவிப்பர். அந்த அடுக்குகளினூடே யார் ஆணையிடுகிறார் என்ற வினா எந்தப் பரீட்சைத்தாளிலும் வராது.

இவ்விடத்து இரு சாராருடன் நமக்கு வழக்குண்டு. ஒரு சாரார், ‘இந்த யந்திரங்களே வேண்டாம், பழையபடி வாழ்வோம்’ என்பர். பழையபடி வாழ்வதென்பது ஏழைக்கு இருட்டும், வசதியுள்ளவனுக்குச் சொந்த ஜெனரேற்றரும் என்பதை 1990கள் நமக்குக் காட்டிவிட்டன. மற்றைய சாரார், ‘தொழினுட்பம் நடுநிலையானது, நல்லவர் கையில் நல்லது, தீயவர் கையில் தீயது’ என்று மங்கலம் பாடி முடிப்பர். அந்தக் கை யாருடையதாக இருக்க வேண்டுமென்பதை முடிவு செய்வது யார் என்று கேட்டால் மௌனம் சாதிப்பர். கிணற்றைக் கட்டியவன் சாதி பார்த்துத் தண்ணீர் அள்ளவிடாத ஊர் இது. கிணறு நடுநிலையானது என்ற தத்துவம் தாகத்தைத் தீர்க்கவில்லை. அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டமே தீர்த்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று: வீட்டிலோ பாடசாலையிலோ பொருத்தப்படும் கருவி எவற்றைப் பார்க்கிறது, யாருக்குச் சொல்கிறது என்ற பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் விற்பவர் தரவேண்டும். இரண்டு: தொலைவிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் நாள், நேரம், ஆணையிட்டவர், காரணம் ஆகியவை பதிவாக வேண்டும், அப்பதிவேடு கருவியின் சொந்தக்காரருக்குத் திறந்திருக்க வேண்டும். மூன்று: பொதுத்தேவைக்காக மின்னுற்பத்தியை நிறுத்துவதாயின் பெரியோர் முதலிலும் சிறியோர் இறுதியிலும் என்ற வரிசை சட்டமாக வேண்டும், நிறுத்தியதற்கு ஈடு வழங்க வேண்டும். நான்கு: மின்சாரம், தொலைத்தொடர்பு, குடிநீர் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுத் திறப்புகள் மக்களுக்குப் பதில் சொல்லும் பொது நிறுவனத்திடம் இருக்க வேண்டும், தொலைவிலுள்ள கை முடங்கினாலும் அவ்விடத்தார் தம் கையால் இயக்கும் வழியும் இருக்க வேண்டும்.

இவை ஆகாயத்துப் பூக்கள் அல்ல. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எத்தனை வீட்டுத் தொகுதிகளைத் தொலைவிலிருந்து நிறுத்தத்தக்க ஏற்பாடு உள்ளது என்று மின்சார நிர்வாகத்தையும், அதற்கான விதி எது என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவையும் எழுத்தில் கேட்க ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். உயர்தர மாணவர் ஒரு வகுப்பாகச் சேர்ந்து அக்கடிதத்தை நல்ல தமிழில் எழுதினால், அது கட்டுரைப் பயிற்சியும் ஆகும். குடியுரிமைப் பயிற்சியும் ஆகும்.

‘இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது?’ என்று தயங்குவோர் மானிப்பாயை நினைக்கட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மனித உடலின் என்பும் நரம்பும் நாளமும் தமிழில் சொல்லத்தக்கவை என்று கண்டார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். தன் உடலைப் பற்றிய அறிவு வைத்தியனிடம் மட்டும் அடைபட்டிருக்கலாகாது என்பதற்கு அம்முயற்சி சான்று. இன்று நம் ஊரின் நரம்புகளாகக் கம்பிகளும் அலைகளும் ஓடுகின்றன. அவற்றின் வழியே யாருடைய சொல் செல்கிறது என்று அறிவது, கதியால் அரை முழம் நகர்ந்ததா என்று பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு அவசரமானது. வேலிக்கு வழக்காடிய அந்தப் பிடிவாதத்தை இனி இங்கே திருப்புவோம். அண்ணனும் தம்பியும் இம்முறை ஒரே பக்கத்தில் நிற்கட்டும்.